துணைவேந்தர் நியமனத்தில் அரசியல் தலையீடா? ஆவணம் கேட்டு வாங்கும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, தமிழ்நாட்டில் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டுங்கள். "ஏன் இவரை நியமித்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், காரணம் விளக்குவது எங்கள் வேலையல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நகல் கேளுங்கள்: துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடல் குழுவை அமைத்த ஆணை, கூட்டக் குறிப்பு, பரிந்துரைப் பட்டியல், நியமிக்கப்பட்டவர் பேராசிரியராகப் பணியாற்றிய சான்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை 10 ஆண்டுப் பேராசிரியர் அனுபவம், அல்லது பெயர்பெற்ற ஆராய்ச்சி, கல்வி நிர்வாக அமைப்பில் 10 ஆண்டு அனுபவம் கேட்கிறது. தேடல் குழுவில் ஒருவர் மானியக் குழுத் தலைவர் நியமித்தவராக இருக்க வேண்டும். இதைக் கூர்ந்து பாருங்கள். குஜராத் சர்தார் படேல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மானியக் குழு விதிகளை மீறியதால்தான்.

"தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தால், பிரிவு 8(2) சொல்லும் பொதுநலனைக் காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.