வண்டி கிளெய்ம்: கையெழுத்துக்கு முன்னால் நழுவும் உரிமைகள்

வண்டிச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்பதுதான் கிளெய்ம். வண்டி இடிபட்டதும் எல்லோரும் போனை எடுத்து நசுங்கின இடத்தை மட்டும் கிட்டத்தில் போய் நாலு படம் எடுப்போம். அந்தப் படத்தில் ஒடுக்கு விழுந்த கதவு தெரியும். அது யாருடைய வண்டி, இடி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று ஒன்றும் தெரியாது. நன்றாகத் தள்ளி நின்று, இரண்டு வண்டிகளும் நம்பர் பிளேட்டும் சாலைக் கோடும் ஒரே படத்தில் வருவதுபோல் எடுங்கள். சிதறிய கண்ணாடித் துண்டுகளும் டயர் தடமும் விழட்டும். அதற்கு அப்புறம் கிட்டத்தில் போகலாம். டேஷ்கேம் (வண்டியில் பொருத்திய கேமரா) இருந்தால் அன்றைக்கே மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பக்கத்துக் கட்டடத்துக் கேமராவும் அப்படித்தான். ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் கையை விரிப்பார்கள்.

அடுத்து வாய். "தப்பு என் மேலதான், செலவை நானே ஏத்துக்கிறேன்" என்று நடுரோட்டில் நல்ல மனதோடு சொல்லிவிடுகிறோம். காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்பது பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும் நிபந்தனை. நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், தீர்ப்பை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. இடித்தவர் கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வார். உங்கள் நிறுவனத்துக்கு, உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை இடித்தவரிடமோ அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமோ வசூலிக்க உரிமை உள்ளது. அந்த ஒற்றைத் தாள் அந்த உரிமையை அடைத்துவிடுகிறது. பிறகு உங்கள் கிளெய்மையே மறுக்க அது காரணமாகலாம்.

சின்னக் கீறல்தானே என்று நிறுவனத்துக்குத் தகவலே சொல்லாமல் விடுவது இன்னொன்று. தகவல் சொல்வது வேறு, கிளெய்ம் போடுவது வேறு. நம் கையிலிருந்து போகும் எக்ஸஸ் தொகை, போய்விடும் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) இரண்டையும் கூட்டிப் பார்த்து, கட்டுப்படியாகாது என்றால் கிளெய்ம் வேண்டாம். ஆனால் எதிராளி மூன்று மாதம் கழித்துக் கழுத்துவலி என்று வந்து நின்றால், முன்பே சொல்லி வைத்தது கைகொடுக்கும்.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்புபவர்) பார்க்கும்வரை ரிப்பேரைத் தொடாதீர்கள். அதற்காகப் பின்கண்ணாடி உடைந்த வண்டியை மழையில் விட்டுவிடவும் கூடாது, சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, மூடியதையும் படம் எடுத்து வைத்தால் போதும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததில்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று எழுதிவிடுவார்கள். எஞ்சினுக்கென்று தனிக் காப்பீடு எடுக்காதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஆசை காட்டுவார்கள்: "அந்தப் பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம்." வேண்டாம். புதுக் கீறலின் உள்ளே உலோகம் பளிச்சென்று இருக்கும். பழையதில் துரு ஏறியிருக்கும், ஓரத்தில் பாலிஷ் மெழுகு படிந்திருக்கும். அனுபவப்பட்ட சர்வேயருக்கு இது ஒரு பார்வை வேலை. ஒரு பொய் சேர்ந்ததால் உண்மையான சேதத்துக்கும் பணம் கிடைக்காமல் போன கதைகள் உண்டு.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, அவசரத்தில் போடும் கையெழுத்து. என் உறவினர் ஒருவரின் காரில் முன்சக்கரத்துப் பக்கம் அடி. பெயிண்ட் பளபளவென்று வந்தது. டெலிவரி கவுன்டரில் நீட்டிய இரண்டு தாள்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்று வேலை திருப்தி என்பது. மற்றொன்று முழு மற்றும் இறுதித் தீர்வாக ஏற்கிறேன் என்பது. இரண்டு வாரத்தில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுத்தது, டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. சஸ்பென்ஷன் ஆர்ம் வளைந்ததை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டபோது அந்த இரண்டாவது தாளைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

முதல் எஸ்டிமேட் வெளியே தெரிவதை வைத்துப் போடுவது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் உலோகப் பார், சென்சார், கிளிப்பெல்லாம் பிரித்தால்தான் தெரியும். பிரித்தபின் தெரியும் சேதத்துக்குக் கூடுதல் எஸ்டிமேட் வரும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். புதிதாகத் தெரிந்ததை சர்வேயர் பார்த்தபின்தான் வேலை தொடர வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை அதுவரை தூக்கிப் போடவிடாதீர்கள். வண்டியை எடுக்குமுன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது உங்கள் உரிமை, யாரும் முகம் சுளித்தாலும் சரி.

தொகை குறைந்து வந்தால், மொத்தத்தைப் பார்த்துச் சண்டை போடாமல் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: தேய்மானம் எவ்வளவு, எக்ஸஸ் எவ்வளவு, பழைய பாகத்தின் மதிப்பு எவ்வளவு. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தேய்மானம் அதிகம் பிடிப்பது வழக்கம்தான். கூலியிலும் கழித்திருந்தால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். தகராறு இல்லாத பகுதியை மட்டும் இப்போது பெறுகிறேன், மீதிக்கான உரிமையை விடவில்லை என்று எழுதிக் கொடுத்து வாங்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

முழுச் சேதம் என்று சொல்லிவிட்டால் வண்டியின் மதிப்பே பேச்சுவார்த்தை. அது முன்பே பாலிசியில் குறித்த தொகையா, இன்றைய சந்தை விலையா என்று முதலில் பாருங்கள். சந்தை விலை என்றால், அதே மாடல், அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் விற்பனை விளம்பரங்களைத் தேதியோடு சேர்த்து வையுங்கள். உடைந்த வண்டியை ஒப்படைக்கும்போது பதிவு உங்கள் பெயரிலிருந்து மாறியதற்கான தாள் வேண்டும். அது இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கிளெய்மையே மறுத்துவிட்டால், பாலிசியின் எந்தப் பிரிவின்கீழ் என்று எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரிவின் வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படும் என்றால், எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை. பாலிசியை எழுதியவர் நீங்கள் இல்லையே. நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கு மேல் ஒழுங்குமுறை அமைப்போ குறைதீர்ப்பாளரோ, பிறகு நீதிமன்றம் என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. "பார்த்துக்கிட்டிருக்கோம் சார்" என்று போனில் ஆறு மாதம் இழுத்தாலும் கெடு பொதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் பேசி முடித்த அன்றே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "இன்று காலை 11 மணிக்குப் பேசியபோது, கூடுதல் எஸ்டிமேட்டைப் பரிசீலித்து வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருவதாகச் சொன்னீர்கள்." மூன்றே வரி போதும், கிளெய்ம் எண்ணை மட்டும் மறக்காமல் போடுங்கள்.