நானோ தூளை எபாக்சியில் கலக்கும்போது கட்டி தட்ட விடாதீர்கள்

காரைக்குடியில் பாலிமர் புராஜெக்டுக்காக, எபாக்சி என்ற பிசினில் வலிமை கூட்ட மிக நுண்ணிய நானோ தூளைக் கலக்கும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, சிலிக்கா ஒரு சதவீதம் போட்டப்ப வலிமை கூடுச்சு, அஞ்சு போட்டா வெறும் எபாக்சியைவிடக் கீழ போயிருச்சு." உள்ளே கட்டி தட்டியிருக்கும், வேறென்ன.

பியூம்டு சிலிக்கா, அதாவது சுடரில் உருவாக்கும் நுண்ணிய சிலிக்கா தூள், வழக்கமான ரகத்தில் ஒரு கிராம் எடுத்தால் அதன் மேற்பரப்பு சுமார் 200 சதுர மீட்டர் வரும், கிட்டத்தட்ட 5 சென்ட் மனை. அத்தனை பரப்பும் பிசினைத் தொட்டால்தான் சுமை பிசினிலிருந்து துகளுக்கு ஏறும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் உள்ளே சிக்கிய பரப்பு வீண், அதோடு இழுக்கும்போது விசை அந்தக் கட்டியைச் சுற்றிக் குவிந்து விரிசலும் அங்கேயே தொடங்கும். உடைந்த துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பெரிய கட்டி என்றால் கண்ணுக்கே தெரியும்: வெள்ளைப் பருக்கை ஒன்று, அதிலிருந்து விசிறி மாதிரி ஓடும் கோடுகள். அப்போது இன்னும் தூள் போடுவதுதான் எல்லோரும் செய்கிற பெரிய தவறு.

அடுத்தது, கையால் கிண்டிவிட்டுக் கலந்துவிட்டதாக நம்புவது. நம்ம ஊர் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பை எவ்வளவு நைசாக அரைத்துப் பூசியிருக்கிறார்கள் பாருங்கள், ஒரு பருக்கை சிக்கினாலும் தேய்க்கும்போது கோடு விழுந்துவிடும். நானோ தூளுக்கு, உருளைகளுக்கு இடையே நசுக்கிப் பிரிக்கும் மூன்று உருளை மில்லோ, ஒலி அலையால் கட்டியை உடைக்கும் சொனிகேட்டரோ வேண்டும். சொனிகேட்டரையும் நிறுத்தாமல் ஓட்டாதீர்கள், பிசின் சூடேறும், கார்பன் நானோ குழாய் என்றால் துண்டு துண்டாக உடைந்தே போகும். ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள், பிசினை இறுகவைக்கும் ஹார்ட்னரை ஆறியபிறகு ஊற்றுங்கள்.

சிலிக்கா ஈரத்தை இழுக்கும், அதனால் உலர்த்தாமல் போடக்கூடாது. துகளைப் பிசினோடு ஒட்டவைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருள் பூசிய தூள் கிடைத்தால் பாதி வேலை குறையும். அப்புறம், தூள் கூடக்கூடப் பிசின் கெட்டியாகிக் காற்றுக் குமிழி வெளியேறாது, அதை வெற்றிடத்தில் வைத்து எடுக்காமல் வார்த்துவிட்டுப் பழியைத் துகள்மேல் போடுகிறோம்.

மின்சாரம் கடத்த வேண்டும் என்றால் கணக்கே வேறு. கார்பன் பிளாக் எனும் நுண்ணிய கரித்தூளின் துகள்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வலைபோல் இணைந்தால்தான் மின்னோட்டம் ஓடும், தனித்தனியாகப் பிரித்துவிட்டால் அந்த வழி அறுந்துபோகும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அழகான ஒரே இடத்தைப் படமெடுத்து முடிவு எழுதாதீர்கள், பத்து இடமாவது பாருங்கள். கூடவே வெறும் எபாக்சியையும் அதே அளவு நேரம் சொனிகேட் செய்து, அதே வெற்றிடத்தில் வைத்து ஒரு செட் வார்த்துவிடுங்கள், ஒப்பிட அதுதான் வேண்டும்.