போர்ச்சில் காரை உயர்த்தி எண்ணெய் மாற்றுவது: முதலில் தரையைப் பாருங்கள்

எஞ்சின் எண்ணெய் மாற்றுவது கடினமான வேலையன்று. அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடியவிட்டு, ஃபில்டரை மாற்றி, மேலிருந்து புதிய எண்ணெயை ஊற்றினால் முடிந்தது. அந்தத் திருகை எட்டுவதற்காகக் காரை உயர்த்தி, அதன் கீழே நம் தலையையும் மார்பையும் கொண்டுபோய் வைக்கிறோமே, அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மைவி போன்ற சிறிய காரின் எடைகூட ஏறத்தாழ 1 டன். முன்சக்கர இழுவை உள்ள கார்களில் எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் இருப்பதால் அந்த எடையில் பாதிக்கும் மேற்பட்டது, பொதுவாக 60 விழுக்காடு அளவு, முன்பக்கத்தில்தான் இறங்குகிறது. எண்ணெய் மாற்றும்போது நாம் உயர்த்துவதும் அந்த முன்பக்கத்தைத்தான்.

எந்த ஜாக்கி வாங்கலாம், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளில் எது நல்லது என்று விசாரிப்பதற்கு முன், வண்டி நிற்கப்போகும் தரையைப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங், செத்தாப்பாக் போன்ற பகுதிகளில் உள்ள வரிசை வீடுகளின் கார் போர்ச், மழைநீர் வாய்க்காலுக்கு ஓடுவதற்காக வாசல்பக்கம் சற்றே சரிந்திருக்கும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலான அந்த மெல்லிய சரிவில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு வேலை செய்யலாம். ஆனால் கேட்டுக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டிச் சாலையில் இறங்கும் சாய்தளத்தில் காரின் ஒரு பாதியாவது நின்றால் அங்கே ஜாக்கியை வைக்கவே கூடாது. இரண்டு கார் நிறுத்திய போர்ச்சில் இடம் போதவில்லை என்றுதான் பலரும் பின்சக்கரங்களைச் சாய்தளத்தில் விட்டுவிடுகிறார்கள். மற்ற வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, காரை முழுவதுமாக உள்ளே கொண்டுவருவதே சரி.

சரிவைப் போலவே தரை ஓடும் (டைல்) கவனிக்கப்பட வேண்டியது. போர்ச்சில் பதித்த பளபளப்பான ஓடு ஈரமானால் வழுக்கும். அடியில் சாந்து சரியாக நிரம்பாத இடத்தில் ஸ்டாண்டின் கால் இறங்கினால் உடைந்துவிடும். ஸ்டாண்டு வைக்கப்போகும் இடத்தில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் அந்த இடத்தைத் தவிர்த்து விடுங்கள். நல்ல ஓடாக இருந்தாலும், ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அதன் அடியைவிட அகலமான 18 மில்லிமீட்டர் பலகைத் துண்டொன்றைக் கீழே இட்டால், நான்கு முனைகளில் இறங்கும் எடை பரந்து விழும். பலகையும் ஓடும் காய்ந்திருக்க வேண்டும். தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் சாலையோரத்தில் தார்மீது வேலை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. நண்பகல் வெயிலில் தார் இளகி, ஸ்டாண்டின் கால்கள் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். நான்கும் ஒரே அளவில் இறங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்கள், கார் நிறுத்துமிடத்தில் இத்தகைய வேலைக்கு அனுமதி உண்டா என்று நிர்வாகத்திடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரமும் இதில் சேர்ந்ததுதான். நம் ஊரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடித்துக்கொள்ளும் என்பதால், காலையிலேயே தொடங்குங்கள். மழைநீர் ஓடும் போர்ச்சில், பாதி வடிந்த எண்ணெயோடு அவசர அவசரமாகக் காரை இறக்குவதைவிட மோசமான சூழ்நிலை வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

கருவிகளில், காரின் பின்பெட்டியில் கிடக்கும் கத்தரி ஜாக்கி சாலையோரத்தில் டயர் மாற்றுவதற்காகத் தரப்பட்டது. அதன் அடி குறுகியது, பக்கவாட்டு அசைவைத் தாங்காது. எண்ணெய் மாற்ற, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் தேவை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கன்று. அதனுள்ளே எண்ணெயின் அழுத்தத்தை அடைத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம்தான். அது தேய்ந்திருந்தால் கார் நம் கண்ணுக்குத் தெரியாமலே இறங்கிக்கொண்டிருக்கும், கிழிந்தால் ஒரே நொடியில் விழும். ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் அளவு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பதையும் படித்துப் பாருங்கள். இரண்டு விதமாகவும் அச்சிடுகிறார்கள். பற்சக்கரப் பூட்டுள்ள வகையை வாங்கினால், அதற்கு மேல் குறுக்கே செருகும் பாதுகாப்பு ஊசியும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பல் சரியாகப் பிடிக்காமல் ஸ்டாண்டு திடீரெனத் தாழக்கூடும் என்ற காரணத்தால் பல லட்சம் ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஊசி இருந்தால், பல் நழுவினாலும் தண்டு கீழே இறங்க முடியாது.

ஸ்டாண்டுக்குப் பதிலாகச் செங்கல்லையோ சிமெண்ட் கல்லையோ அடுக்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். "ரெண்டு கல்லு வெச்சா போதும்லா, அண்ணே" என்று பக்கத்து வீட்டுத் தம்பி அன்போடுதான் சொல்வார். சுவராக எழுப்பும்போது எடை பரவலாக இறங்குவதால் தாங்கும் அதே கல், காரின் விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தும்போது எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பிளந்துவிடும்.

இனி, கார் உருளாமல் தடுப்பது. இதைப் பற்றித் தெளிவில்லாதவர்களே அதிகம். ஆட்டோ கியரை பி-யில் (பார்க்) போட்டுவிட்டால் கார் அசையாது என்று நம்புகிறோம். முன்சக்கர இழுவையுள்ள காரில் பி என்பது முன்சக்கரங்களோடு இணைந்த கியர்பெட்டியைத்தான் பூட்டுகிறது. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தச் சக்கரங்கள் தரையிலேயே இல்லை. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் நிலைமை அதேதான்: இரு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள டிஃபரென்ஷியல், தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல இடம் கொடுப்பதால், தரையிலுள்ள சக்கரம் தாராளமாக உருளும். கையால் கியர் மாற்றும் காரை முதல் கியரில் விட்டாலும் இதுவே நடக்கும். ஆகவே முன்பக்கம் உயர்ந்திருக்கும் வரை காரைப் பிடித்து நிறுத்துவது, பின்சக்கரங்களில் இயங்கும் ஹேண்ட் பிரேக்கும் அந்தச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நாம் வைக்கும் கட்டைகளும் மட்டுமே. ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து, நெம்புகோல் வழக்கத்தைவிட மேலே வருகிறதென்றால், அதைச் சரிசெய்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். கட்டைகளைச் சக்கரத்தோடு ஒட்டி இறுக வையுங்கள்.

எந்த இடத்தில் தூக்குவது என்பதைக் காரின் கையேடு படத்தோடு காட்டும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்பு மடிப்பு விளிம்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி வலுவூட்டப்பட்டது. இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஜாக்கியும் ஸ்டாண்டும் அதே இடத்தைத்தான் கேட்கின்றன. முன்பக்க நடுவில், குறுக்குச் சட்டத்தில் தூக்குமிடம் ஒன்றைக் கையேடு குறிப்பிட்டிருந்தால், அங்கே ஜாக்கியை வைத்து, இரு ஸ்டாண்டுகளையும் இருபுறத்து விளிம்பில் வைப்பதே சிறந்த முறை. எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி, ரேடியேட்டரின் அடித்தாங்கி ஆகியவற்றில் ஜாக்கி படவே கூடாது. நடுவில் தூக்குமிடம் இல்லாத கார்களுக்கு, முன்சக்கரங்களை ஓட்டி ஏற்றி நிறுத்தும் சாய்தள மேடை வாங்கி ஏற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். மேடை வழுக்காதிருக்க அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு, வெளியே ஒருவர் நின்று கை காட்ட, மெல்ல ஏற்ற வேண்டும். மேடையில் ஏறிய பிறகும் பின்சக்கரக் கட்டைகள் தேவைதான்.

ஜாக்கியின் கை மேலே எழும்போது நேர்கோட்டில் எழுவதில்லை, வளைந்து எழுகிறது. அதனால் கையின் நுனியில் காரைத் தொடும் தாங்குத் தட்டு காரின் அடியில் ஒரே இடத்தில் நிற்க வேண்டுமானால், ஜாக்கியே காருக்கு அடியில் கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். கரடுமுரடான தரையிலோ பலகையின் விளிம்பிலோ அதன் சக்கரம் சிக்கிக்கொண்டால், ஜாக்கி நகராமல் தட்டு சறுக்கும். ஜாக்கியின் கீழே பலகை இட்டால், அதன் எல்லாச் சக்கரங்களும் அடங்கி உருளும் நீளத்துக்கு இடுங்கள். நான்கைந்து முறை அடித்ததும் நிறுத்தி, தட்டு நழுவியிருக்கிறதா, கட்டைகள் விலகியிருக்கின்றனவா என்று பாருங்கள். திருகை எட்டப் போதுமான உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை.

இரு ஸ்டாண்டுகளையும் ஒரே உயரப் பல்லில் பூட்டி, ஊசியைச் செருகி, விளிம்புக்குக் கீழே நேராக நிறுத்தி, ஜாக்கியின் வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகிக் காரை மெல்ல இறக்குங்கள். எடை ஸ்டாண்டுகளில் அமர்ந்த பிறகு, எழுந்து நின்று காரைப் பக்கவாட்டில் இரு கைகளாலும் பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஆடாமல் நின்றால், ஜாக்கியை மீண்டும் லேசாகத் தொடும்படி உயர்த்தி அங்கேயே விட்டுவிடுங்கள். மாற்றுச் சக்கரம் இருந்தால் அதைப் படுக்கவைத்துக் காரின் அடியில் தள்ளிவையுங்கள். எல்லாம் தவறினாலும் அந்தச் சக்கரத்தின் உயரம் அளவுக்காவது இடைவெளி மிஞ்சும்.

சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் காரின் கீழே இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அவசர எண் 999 என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வடிகால் திருகு இறுகியிருந்தால் நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டித் தொங்காதீர்கள். அந்த இழுப்பு அப்படியே காருக்குப் போய், அதை ஸ்டாண்டிலிருந்து தள்ளப் பார்க்கும். ஸ்பேனரின் நுனியை உள்ளங்கையால் சிறுசிறு அடியாகத் தட்டினாலே பெரும்பாலும் இளகிவிடும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தால் எண்ணெய் நன்றாக வடியும். அப்போதுதான் ஓட்டி வந்த காராக இருந்தால் புகைக்குழாய் கையைச் சுட்டுவிடும்.

முடிந்ததும் திருகையும் ஃபில்டரையும் இறுக்கி, எண்ணெய்த் தட்டையும் கருவிகளையும் வெளியே எடுத்த பிறகே காரைச் சற்று உயர்த்தி ஸ்டாண்டுகளை அகற்றி இறக்குங்கள். நிறைந்த தட்டின் மீது காரை இறக்கிவிட்டால் அன்றைக்குப் போர்ச் கழுவுவதிலேயே போய்விடும். மேலிருந்து புதிய எண்ணெயை ஊற்றி, எஞ்சினை இயக்கிக் கசிவு பார்ப்பதும் அளவுகோலில் எண்ணெய் மட்டம் பார்ப்பதும், நான்கு சக்கரங்களும் சமதரையில் நின்ற பின்னரே. முன்பக்கம் உயர்ந்திருக்கும்போது அளவுகோல் காட்டும் மட்டம் சரியானதன்று.

வடித்த எண்ணெயை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு) விதிமுறைகளில் பயன்படுத்திய மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டில் இடம்பெற்றிருக்கிறது. பட்டறைகள் அதைச் சேர்த்துவைத்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கின்றன. புதிய எண்ணெய் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, பழைய ஃபில்டரையும் வடியவிட்டுப் பையில் கட்டி, வழக்கமாகப் போகும் பட்டறையில் கேட்டுக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.