பேண்ட் பாக்கெட்டில் ரிவால்வர்: வைப்பதற்கு முன்னால்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி வியாபாரிகள். லைசென்ஸ் புத்தகம் கையில் இருக்கும், .32 ரிவால்வரும் வாங்கி வைத்திருப்பார்கள். "இடுப்புல கட்டுனா சட்டைக்கு மேல துருத்திக்கிட்டு தெரியுது சார். பாக்கெட்ல வச்சிக்கலாமா?"

ராணுவத்தில் 17 வருஷம் இருந்தேன். அதன் பிறகு ஒரு முந்திரி கம்பெனியில் சம்பளப் பணத்துக்குக் காவலாக 11 வருஷம். அந்த 11 வருஷமும் ரிவால்வர் என் வலது பக்க பேண்ட் பாக்கெட்டில், தோல் உறைக்குள் இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிற்கிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் பாக்கெட் நல்ல இடம். உட்கார்ந்தே இருப்பவனுக்கு அது ஆகாது.

என் வேலை நிற்கிற வேலை. பேங்க் வாசலில் நிற்பேன், பணப்பை வண்டிக்குப் போகும்போது கூடவே நடப்பேன், ஷெட்டில் பருப்பு உடைக்கிற பெண்களுக்குக் கணக்கர் கூலி கொடுத்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்பேன். பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு ஒருவன் நின்றால் நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாக்கெட்டின் பெரிய லாபம் இதுதான். பிடி கைக்குள் இருக்கும், அது எதிரில் நிற்பவனுக்குத் தெரியாது. இடுப்பில் இருந்தால் சட்டையைத் தூக்கியாக வேண்டும். தூக்கிய கணமே கூட்டம் கலையும், பணப்பைக்கு அதுவே ஆபத்து. இந்த வெக்கையில் நாம் போடுவது ஒற்றைப் பருத்திச் சட்டை. இடுப்பில் இருக்கும் எதையும் அது மறைக்காது.

உட்கார்ந்தால் கதை வேறு. தொடை மடங்கியதும் பாக்கெட் வாய் மூடிக்கொள்ளும். காரில் பெல்ட் போட்டுக்கொண்டு அதை எடுத்துப் பாருங்கள், காலி துப்பாக்கியோடுதான். முழங்கை கதவில் இடிக்கும், இடுப்பைத் தூக்க வேண்டும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதைவிட மோசம், குழல் எங்கே பார்க்கிறது என்பது. நிற்கும்போது தரையைப் பார்க்கும். உட்கார்ந்தால் தொடையோடு படுத்துக்கொண்டு முழங்காலையோ, முன் சீட்டில் இருப்பவரையோ பார்க்கும். தொடையில் ஓடுவது பெரிய ரத்தக்குழாய். பைக்கில் நெய்வேலிக்கும் விருத்தாசலத்துக்கும் அலைகிற வசூல்காரர்களிடம் பாக்கெட் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உறை இல்லாமல் வெறும் துப்பாக்கியைப் பாக்கெட்டில் போடுகிறவர்கள் உண்டு. தயவு செய்து வேண்டாம். பாக்கெட் உறையின் முதல் வேலை டிரிகரை மூடுவது. மறைப்பது, எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். உறை வாங்கும்போது துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காரும் ஆறு சேம்பரையும் கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தடவிப் பார்த்த பிறகு உள்ளே போடுங்கள். உறைக்கு வெளியிலிருந்து டிரிகர் இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே எதுவாவது அசைந்தால் அந்த உறை குப்பைக்கு. மெத்தைக்கு மேல் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள், ரிவால்வர் நழுவக்கூடாது. கடைசியாகப் பாக்கெட்டில் வைத்து உருவுங்கள். உறை உள்ளேயே தங்க வேண்டும். உறையோடு சேர்ந்து துப்பாக்கி வெளியே வந்தால் கையில் இருப்பது துப்பாக்கி அல்ல, ஒரு தோல் பொட்டலம்.

என் உறையைப் புதுச்சேரியில் பை தைக்கிற ஒருவர் செய்து கொடுத்தார். தோலைத் தண்ணீரில் நனைத்து, பாலிதீன் சுற்றிய காலி ரிவால்வர் மேல் போர்த்தி, எலும்புக் கரண்டிக் காம்பால் ஓரம் ஓரமாக அழுத்தினார். டிரிகர் வளையம், சிலிண்டர் மேடு எல்லாம் தோலில் அப்படியே பதிந்தது. இரண்டு நாள் நிழலில் காய வைத்தார். தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி வைத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்; அது பாக்கெட் துணியைப் பிடித்துக்கொள்ளும். முன் ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு காது விட்டார், உருவும்போது அது பாக்கெட் விளிம்பில் மாட்டி உறையை நிறுத்திவிடும். வெளியே தெரிவது சதுரமாக ஒரு வீக்கம் மட்டும். பர்ஸ் என்று நினைப்பார்கள்.

பாக்கெட்டையும் கவனிக்க வேண்டும். 2014-ல் கான்பூரிலிருந்து வந்த நிர்பீக் என்கிற லேசான ரிவால்வர் கூட அரைக் கிலோ கனம். ரெடிமேட் பேண்டின் பாக்கெட் துணி ஒரு மாதம் தாங்காது. திருப்பாதிரிப்புலியூரில் என் டெய்லரிடம் மூன்று விஷயம் சொல்வேன்: உள் துணி கெட்டி ட்ரில்லாக இருக்கட்டும், வாய் என் விரித்த கை நுழைகிற அகலம் இருக்கட்டும், கிராஸ் பாக்கெட் வேண்டாம், நேர் பாக்கெட் போடுங்கள். கிராஸ் பாக்கெட்டில் உட்கார்ந்தால் பிடி எட்டிப் பார்க்கும். இடுப்புக்குக் கெட்டி பெல்ட் கட்டாயம், இல்லாவிட்டால் வலது பக்கம் சரிந்துகொண்டே வரும். வேட்டிக்காரர்கள் உள்ளே போடுகிற பட்டாபட்டியில் பெரிய பை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது தொளதொள துணி. நடக்க நடக்கத் துப்பாக்கி தொடையில் ஊஞ்சலாடும், உறை திரும்பிக்கொள்ளும். வேட்டி கட்டுகிற நாளில் துப்பாக்கி பீரோவில் இருக்கட்டும்.

அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சாவி, சில்லறை, செல்போன், கைக்குட்டை, ஒன்றும் கூடாது. சாவி டிரிகர் வளையத்துக்குள் நுழைந்துவிடும். செல்போன் அடித்தால் கை தானாக அங்கே போகும்.

உருவும்போது ஹேமர் நுனி, அதாவது பின்னால் தோட்டாவைத் தட்டுகிற சுத்தியலின் நுனி, துணியில் மாட்டும். கட்டை விரலை ஹேமர் மேல் படுக்க வைத்து உருவிப் பழகினால் மாட்டாது. முஷ்டி பிடித்த கை பாக்கெட் வாயில் சிக்கும் என்பதால் விரல்களை நீட்டியே உள்ளே விட வேண்டும். ஆள்காட்டி விரல் உறைக்கு வெளியே, நேராக. திரும்ப வைப்பதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. பாக்கெட்டுக்குள் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் திணிக்கவே கூடாது, மடிந்த துணி டிரிகரை இழுத்துவிடும். உறையை வெளியே எடுங்கள், கண்ணால் பார்த்துப் போடுங்கள், பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டில் வையுங்கள். இடுப்பு உறையில் இந்தத் தொல்லை குறைவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஹேமர் தட்டினால் தோட்டாவைத் தொடாதபடி தடுப்பு இல்லாத பழைய ரிவால்வர் என்றால், ஹேமருக்கு நேராக உள்ள சேம்பரைக் காலியாக விடுங்கள். நான் ஐந்துதான் போடுவேன்.

அடுத்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நம் வீடுகளில் பேண்ட்டைக் கழற்றினால் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவோம். ஒரு சம்பள நாள் மதியம், மழையில் நனைந்து வந்து, அப்படியே மாட்டிவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பேத்திக்கு அப்போது ஐந்து வயது. வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அவளுக்குக் கடலை மிட்டாய் வாங்கி வருவேன்; தாத்தாவின் பேண்ட் பாக்கெட் என்றால் அவளுக்கு மிட்டாய்தான். "தாத்தா, இது வர மாட்டேங்குது" என்று குரல் கேட்டது. திரும்பினால் ஸ்டூல் மேல் நிற்கிறாள், கை மணிக்கட்டு வரை பாக்கெட்டுக்குள். உறையின் காது விளிம்பில் மாட்டியிருந்தது. இறுக்கமான உறை, மூடிய டிரிகர், அவளுடைய சின்னக் கை. இந்த மூன்றும்தான் அன்று எங்களைக் காப்பாற்றின. நான் காப்பாற்றவில்லை. அன்றிலிருந்து வாசல்படி தாண்டியதும் செருப்பைக் கழற்றும் முன் லாக்கர். தோட்டா தனிப் பூட்டில். மிட்டாய் சட்டைப் பைக்கு மாறிவிட்டது.

கடலூரில் கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து இரும்பைத் தின்னும். இடுப்பை விடப் பாக்கெட்டில் புழுக்கம் அதிகம், துப்பாக்கி தொடையோடு ஒட்டியே கிடக்கிறது. ஒரு சித்திரை மாதத்தில் நான்கே நாள் துடைக்காமல் விட்டேன், பிடிக்கு மேல் ஓரத்தில் மிளகாய்த்தூள் தூவினது போலத் துரு. தினமும் ராத்திரி காலி செய்து, உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் மெலிதாக ஒரு தடவல். உறைக்குள் வைத்தே பூட்டிவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துக் குழலைப் பாருங்கள். பாக்கெட் பஞ்சு எண்ணெயில் ஊறிச் சாம்பல் நிற உருண்டையாக உட்கார்ந்திருக்கும். உறையின் அடியிலும் அதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அன்றே எல்லாவற்றையும் பிரித்துக் காய வைக்க வேண்டும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் மறப்பது எல்லையை. லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், ஆல்பேட்டை தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி தொடங்குகிற இடத்தில் அது முடிந்துவிடுகிறது. சென்னைக்கு ஈசிஆர் வழியாகப் போகிறவருக்கும் இதேதான், நடுவில் புதுச்சேரி வருகிறது. பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் சுற்றிப் போங்கள். தேர்தல் அறிவித்து ஒப்படைக்கச் சொன்னால் தாமதிக்காமல் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். திருவந்திபுரம் கோயில் கல்யாணக் கூட்டத்துக்கு எதற்குத் துப்பாக்கி?

இவ்வளவும் படித்த பிறகும் பாக்கெட்தான் என்றால், ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே காலி ரிவால்வரோடு பழகுங்கள், வீட்டில் குழந்தைகள் இல்லாத நேரத்தில். உட்காருங்கள், குனியுங்கள், படி ஏறுங்கள், உருவுங்கள், உறையை வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். கை எத்தனை தடவை காரணமில்லாமல் பாக்கெட்டைத் தடவுகிறது என்று வீட்டுக்காரம்மாவை எண்ணச் சொல்லுங்கள். ஏழாம் நாள் பாக்கெட்டை வெளியே இழுத்துத் தையலைப் பாருங்கள். நூல் விட்டிருந்தால் முதலில் டெய்லரிடம் போங்கள், தோட்டா பூட்டிலேயே இருக்கட்டும்.