எக்ஸ்ரெர்ம் அடம்பிடித்தால் என்ன செய்வது?

பழைய மடிக்கணினி, 2 ஜிபி நினைவகம், அதில் டெபியன் என்ற லினக்ஸ். எங்கள் வீட்டில் இப்படி ஒன்று கிடக்கிறது. ரெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் சாளரம். பெரிய ரெர்மினல்களைத் திறந்தால் மடிக்கணினி மூச்சு வாங்கும் என்பதால் எக்ஸ்ரெர்ம் என்ற சின்ன ரெர்மினலைப் போட்டுவிட்டேன். பாரமில்லை, உடனே திறக்கும். ஆனால் கோண்டாவிலில் இருக்கும் அக்காவின் மகன் லீவுக்கு வந்து அதைப் பழகத் தொடங்கிய பிறகு, "மாமா, இது பழுதாப் போச்சு" என்ற சத்தம் நாளுக்கு நாலு தடவை கேட்டது. ஒரு தடவையும் அது பழுதாகவில்லை. அவன் முட்டிய இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளை எழுத்துக் கூட்டித்தான் சொல்வேன். எல்லாம் ஆங்கிலச் சின்னெழுத்து, பெரிய எழுத்து வந்தால் சொல்கிறேன். நல்லகாலம், யாழ்ப்பாணத்து எழுத்தில் ரி வேறு டி வேறு, குழம்ப இடமில்லை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். எக்ஸ்ரெர்ம் 1984இல் தொடங்கிய மென்பொருள். டெக் என்ற கணினி நிறுவனத்தின் "வி ரி" வரிசை ரெர்மினல்கள் என்று அந்தக் காலத்தில் திரையும் கீபோட்டும் சேர்ந்த பெட்டிகள் இருந்தன, இது அவற்றைப் போல நடிக்கிறது. அதன் விசித்திரங்களில் பாதி அந்தப் பெட்டிகளிடமிருந்து வந்த சீதனம்.

திரை உறைந்துவிட்டது, எதைத் தட்டினாலும் அசைவில்லை

கொன்ரோலையும் கியூவையும் சேர்த்து அழுத்துங்கள். அவ்வளவுதான். வேறு மென்பொருளில் சேமிக்கிற பழக்கத்தில் கொன்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள், ரெர்மினலில் அதற்கு "கொஞ்சம் பொறு, அனுப்பாதே" என்று அர்த்தம். கொன்ரோல் கியூ என்றால் "சரி, அனுப்பு". மருமகன் உறைந்த திரையில் எல், எஸ் என்று (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை அது) கோபத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை தட்டியிருந்தான். நான் கியூவை அழுத்தியதும் அத்தனை பட்டியலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டியது, பயந்துபோனான். அதனால் உறைந்த நேரத்தில் கண்டதையும் தட்டாதீர்கள், எல்லாம் வரிசையில் காத்துக்கொண்டுதான் இருக்கும். அழிக்கிற கட்டளையும்தான். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் எஸ் ரி ரி ஒய், இடைவெளி, சிறுகோடு, ஐ எக்ஸ் ஓ என் என்று தட்டுங்கள். உங்கள் வீட்டு அடைவில் (ஹோம் ஃபோல்டர்) உள்ள டொட் பஷ்ஆர்சி (டொட், பி ஏ எஸ் எச் ஆர் சி, நடுவில் இடைவெளி இல்லை) கோப்பின் கடைசி வரியாகவும் அதைச் சேர்த்துவிட்டால் இனித் திறக்கும் ரெர்மினல்களுக்கும் சரி.

எழுத்தெல்லாம் கோடும் கிறுக்கலுமாக மாறிவிட்டது

படக் கோப்பு ஒன்றை சி ஏ ரி கட்டளையால் திறந்து பார்த்திருப்பீர்கள். அதற்குள் கிடக்கும் பைட்டுகளில் சில, ரெர்மினலுக்கு "எழுத்துத் தொகுப்பை மாற்று" என்ற ஆணையாகப் பட்டுவிடும், அது சொன்னபடி செய்துவிடும். ஆர் ஈ எஸ் ஈ ரி என்று தட்டி என்ரர். நீங்கள் தட்டுவது திரையில் தெரியாமல் போகலாம், நம்பித் தட்டுங்கள். என்ரர் வேலை செய்யாவிட்டால் கொன்ரோல் ஜே.

ஒளிந்திருக்கும் மெனு

எக்ஸ்ரெர்மில் மெனுவே இல்லை என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். கொன்ரோலை அழுத்திக்கொண்டே மவுஸின் மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கோ, மூன்று மெனு வரும். வலது பொத்தானில் எழுத்தளவு. பக்ஸ்பேஸை அழுத்தினால் அழியாமல் கூரைக்குறியும் ஒரு எழுத்தும் விழுகிறதா? இடது பொத்தான் மெனுவில் பக்அரோ கீ என்ற வரியைச் சொடுக்கினால் சரிவரும்.

நடுப் பொத்தான் மெனுவில் செலெக்ற் ரு கிளிப்போட் என்று ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் போட்டு விடுங்கள். லினக்ஸில் நகலெடுத்தது போய் இருக்கிற இடம் இரண்டு. மவுஸால் தெரிவுசெய்தது ஒன்றில், உலாவியில் கொன்ரோல் சி கொடுத்தது மற்றதில். எக்ஸ்ரெர்ம் வழக்கமாக முதலாவதைத்தான் பார்க்கும், அதனால் நீங்கள் நகலெடுத்தது ஒன்று, வந்து விழுந்தது வேறொன்று. அந்த வரியைப் போட்ட பிறகு ஷிஃப்ற் இன்சேர்ட் அழுத்தினால் உலாவியில் எடுத்தது ஒழுங்காக வரும். கொன்ரோல் சி மட்டும் இங்கே வேண்டாம், அது ஓடுகிற வேலையை நிறுத்திவிடும்.

தமிழ்ப் பெயர்கள்

அவன் கொக்குவில் என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தான். பட்டியலில் பார்த்தால் மேற்கோள் குறிக்குள் பின்சாய்கோடு 340, பின்சாய்கோடு 256 என்று எண்களாக ஓடியது. இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட அவனைக் கலங்கடித்தது. கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, அந்த எண்கள் தமிழெழுத்தின் பைட்டுகள். லோகேல் (எல் ஓ சி ஏ எல் ஈ) என்று தட்டிப் பாருங்கள், கணினியின் மொழி அமைப்பைக் காட்டும். விடையில் யூரிஎஃப் 8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக்கும் முறை) என்பது இல்லாவிட்டால் குற்றம் அங்கேதான். டெபியனில் சுடோ (எஸ் யூ டி ஓ, நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டுவதற்கு) போட்டு டிபிகேஜி ரீகொன்ஃபிகர் லோகேல்ஸ் (டிபிகேஜிக்கும் ரீகொன்ஃபிகருக்கும் நடுவில் சிறுகோடு, லோகேல்ஸுக்கு முன் இடைவெளி) என்று ஓட்டி, வரும் பட்டியலில் அமெரிக்க ஆங்கில யூரிஎஃப் 8ஐத் தெரிவுசெய்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். இலங்கைத் தமிழுக்கும் அதே பட்டியலில் ஒரு வரி இருக்கிறது, விருப்பமென்றால் அதுவும் ஆகும்.

எண்ணுக்குப் பதில் இப்போது வெறும் பெட்டிகள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள், பிறகு எக்ஸ்ரெர்ம், இடைவெளி, சிறுகோடு எஃப் ஏ, இடைவெளி, மொனோஸ்பேஸ், இடைவெளி, சிறுகோடு எஃப் எஸ், இடைவெளி, 12 என்று திறவுங்கள் (மொனோஸ்பேஸில் முதலெழுத்து மட்டும் பெரியது).

இதற்குப் பிறகும் கொக்குவிலின் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும். நினைவகத்தில் முதலில் க, அதற்குப் பின்னால்தான் ஒகரக்குறி. அதைப் பிரித்து, கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது வரைகிற மென்பொருளின் வேலை, எக்ஸ்ரெர்முக்கு அந்த வேலை தெரியாது. ஒரு எழுத்து, ஒரு கட்டம், அடுத்த எழுத்து என்று போய்க்கொண்டிருக்கும். எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, நான் இரண்டு இரவு மினக்கெட்டுப் பார்த்துவிட்டேன். தமிழை நிறையப் பார்க்க வேண்டியிருந்தால் இந்திய மொழி எழுத்துகளுக்கு ஆதரவுள்ள எம்எல்ரெர்ம் என்ற வேறு ரெர்மினலை நிறுவிப் பாருங்கள், அதுவும் பாரமில்லாததுதான். மருமகன் மாறவில்லை. கோப்புப் பெயர் தட்ட வேண்டிய இடத்தில் நட்சத்திரக்குறி, டொட், ரி எக்ஸ் ரி என்று போட்டுச் சமாளிக்கிறான், அந்த அடைவில் அவனுக்கு இருப்பது ஒரே ஒரு கோப்பு.