மாரடைப்புக்குப் பின் இரத்த அணு விகிதங்களைக் கணக்கிடும் முறையும் படிக்கும் முறையும்

மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வருபவருக்கு முதலில் எடுக்கப்படும் பரிசோதனைகளுள் முழு இரத்த அணுப் பரிசோதனையும் ஒன்று. அந்த அறிக்கையில் ஏற்கெனவே இருக்கும் எண்களை வகுத்தாலே, நோயாளியின் உடலில் அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்பதை ஓரளவு அறியலாம். வகுத்தல் எளிது, கிடைத்த எண்ணை எப்போது நம்பலாம் என்று தீர்மானிப்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் 12,000, அவற்றுள் நியூட்ரோஃபில் 80 சதவீதம், லிம்ஃபோசைட் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80ஐ 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6.7 வரும். இரண்டும் ஒரே மொத்தத்தின் பங்குகள் என்பதால் இங்குச் சதவீதமே போதும். பிளேட்லெட்–லிம்ஃபோசைட் விகிதத்திற்கு அது போதாது, ஏனெனில் பிளேட்லெட்டுகள் வெள்ளையணுக்கள் அல்ல, இரத்தம் உறைய உதவும் தனி அணுக்கள். அதற்கு லிம்ஃபோசைட்டின் நேரடி எண்ணிக்கையைக் கண்டறிய வேண்டும்: 12,000இல் 12 சதவீதம் 1,440. பிளேட்லெட் 2,50,000 எனில் விகிதம் சுமார் 174. சதவீதத்தால் வகுத்துவிட்டு இருபதாயிரத்தைத் தாண்டிய விடையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. அது கணக்குப் பிழை மட்டுமே.

இந்த எண்ணுக்குப் பொருள் எங்கிருந்து வருகிறது? இதயத் தசை இறக்கத் தொடங்கியதும் எலும்பு மஜ்ஜையிலிருந்து நியூட்ரோஃபில்கள் பெருமளவில் வெளியேறிச் சேதமடைந்த இடத்தை அடைகின்றன. இறந்த திசுவை அகற்றும் அவையே அருகிலுள்ள உயிருள்ள தசைக்கும் கேடு செய்யக்கூடும். அதே வேளையில், உடல் நெருக்கடியால் உயரும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், சுற்றோட்டத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகளைக் குறைக்கிறது. முதல் விகிதம் இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுவதால், அது உயர்ந்திருப்பவர்களிடையே இறப்பு, இதயச் செயலிழப்பு, அடைப்பு நீக்கப்பட்ட பின்னரும் நுண்குழாய்களில் இரத்த ஓட்டம் திரும்பாமை ஆகியவை கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன. நலமுள்ள பெரியவர்களிடம் இது பொதுவாக 1 முதல் 3 வரை இருக்கும். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதற்கு அனைவரும் ஏற்ற ஒரே எல்லை கிடையாது. ஆய்வுக்கு ஆய்வு அது மாறுகிறது.

ஆகவே இரத்தம் எடுக்கப்பட்ட நேரத்தை விகிதத்தின் அருகிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் வந்தவரின் எண்ணையும், அரை நாள் கழித்து வந்தவரின் எண்ணையும் அப்படியே ஒப்பிடுவது பொருந்தாது, ஏனெனில் நியூட்ரோஃபில்கள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். ஒற்றை அளவீட்டைவிட அடுத்தடுத்த நாள்களின் போக்கே எனக்கு நம்பகமானதாகத் தோன்றுகிறது. அடுத்து, ஸ்டீராய்டு மருந்து, நுரையீரல் தொற்று, இரத்தப் புற்றுநோய், அண்மையில் பெற்ற கீமோதெரபி ஆகியவற்றுள் ஏதேனும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். இருப்பின், விகிதம் இதயத்தைப் பற்றிச் சொல்வது மிகவும் குறைந்துவிடும்.

பிளேட்லெட் விகிதத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஆஸ்பிரின் பிளேட்லெட்டுகளின் செயலைத் தடுக்கிறதே தவிர எண்ணிக்கையைக் குறைப்பதில்லை; எனவே மருந்து வேலை செய்கிறதா என்பதை இவ்விகிதம் காட்டாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பெறும் சிலருக்கு, பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களுக்குள், நோயெதிர்ப்பு வினையால் பிளேட்லெட்டுகள் சரியக்கூடும். அப்போது விகிதம் இறங்கி முன்னேற்றம் போலத் தோன்றும். உண்மையில் அது புதிய இரத்தக்கட்டிகள் உருவாகக்கூடிய ஆபத்தான நிலை. பரிசோதனைக் குழாயில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் எண்ணிக்கை பொய்யாகக் குறையும் என்பதால், ஐயம் எழுந்தால் இரத்தப் பூச்சை (கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவிய இரத்தத்தை) நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாரடைப்பு நோயாளிகளின் ஆபத்தை மதிப்பிடும் கிரேஸ் மதிப்பெண்ணில் வயது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் போன்றவை உள்ளன, இவ்விகிதங்கள் இல்லை. ஆகையால் அந்த மதிப்பெண்ணையும் எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில்) தெரியும் இதயத்தின் பம்பிங் திறனையும் முதலில் பார்த்துவிட்டு, விகிதத்தைத் துணைக் குறிப்பாக வைத்துக்கொள்வதே முறை. விகிதம் உயர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்தைக் கூட்டவோ, தாழ்ந்திருக்கிறது என்பதற்காகக் கண்காணிப்பைத் தளர்த்தவோ கூடாது.