கட்டளை வரி நிரலில் அமைவுக் கோப்பைப் படிக்கும் முறை

கட்டளை வரியில் இயங்கும் நிரல் வளர வளர அதற்குத் தர வேண்டிய தெரிவுகளும் பெருகுகின்றன. ஒவ்வொரு முறையும் அத்தனையையும் தட்டச்சு செய்ய யாராலும் முடியாது என்ற நிலையில், தெரிவுகளை எழுதி வைத்து நிரலே படித்துக்கொள்ளும் அமைவுக் கோப்பு தேவைப்படுகிறது. கோப்பைத் திறந்து படிக்கச் சில வரிகள் போதும். ஒரே அமைவுக்குப் பல இடங்களிலிருந்து மதிப்பு வரும்போது எது செல்லும் என்பதை முடிவு செய்வதும், அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பயனர் அறிய வழி வைப்பதுமே உண்மையான வேலை. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பைத்தானில் அமைந்தவை என்றாலும் முறை எந்த மொழிக்கும் பொருந்தும்.

நிரலை எழுதத் தொடங்கும் முன்பே முன்னுரிமை வரிசையை எழுதி வையுங்கள். நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்பைக் கணினி முழுவதற்குமான கோப்பு மாற்றலாம்; அதைப் பயனரின் கோப்பும், அதைத் திட்ட அடைவில் உள்ள கோப்பும், அதை இயங்குதளம் நிரலுக்குத் தரும் பெயரிட்ட மதிப்பான சூழல் மாறியும் மாற்றலாம்; கட்டளை வரியில் தந்த தெரிவு எல்லாவற்றையும் வெல்லும். இதுவே பரவலான வழக்கம். ஆனால் தொலைவில் உள்ள கணினிகளில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையண்டின் அமைவுக் கோப்பில் முதலில் கிடைக்கும் மதிப்பே நிலைக்கிறது. எனவே அங்கே குறிப்பிட்ட கணினிகளுக்கான பகுதிகளை மேலேயும் பொதுவானவற்றைக் கீழேயும் எழுத வேண்டும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை உதவிப் பக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

கோப்பு இருக்க வேண்டிய இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. லினக்ஸில், இத்தகைய கோப்புகளின் இடத்தை வரையறுக்கும் எக்ஸ்டிஜி விதிமுறையின்படி, பயனரின் அமைவு அடைவைக் குறிக்கும் சூழல் மாறி இருந்தால் அந்த அடைவிலும், அது இல்லாவிட்டாலோ வெறுமையாக இருந்தாலோ முகப்பு அடைவுக்குள் உள்ள புள்ளி கான்ஃபிக் (.config) அடைவிலும் தேடுங்கள். அந்த மாறியில் முழுப் பாதை இல்லாமல் சார்புப் பாதை இருந்தால் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்பதும் அதே விதிமுறையில் உண்டு.

வழக்கமான இடத்தில் கோப்பு இல்லாதது பிழையன்று. நிரல் இயல்பு மதிப்புகளோடு இயங்கட்டும். பயனரே பெயர் சொல்லித் தந்த கோப்பு இல்லையென்றால் அது பிழை; அங்கேயே நிறுத்த வேண்டும். ஐஎன்ஐ வடிவ அமைவுக் கோப்புகளைப் படிக்கும் பைத்தானின் கான்ஃபிக்பார்சர் நூலகம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை: அதன் ரீட் செயற்கூறு, திறக்க முடியாத கோப்புகளைச் சத்தமில்லாமல் கடந்துபோய், படிக்க முடிந்தவற்றின் பட்டியலை மட்டும் திருப்பித் தருகிறது. அந்தப் பட்டியலைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.

அடுத்தது மதிப்புகளின் வகை. ஐஎன்ஐ கோப்பிலிருந்து வருவன எல்லாமே சரங்கள், அதாவது வெறும் எழுத்துத் தொடர்கள். கோப்பில் ஃபால்ஸ் (பொய்) என்று இருக்கும் சரத்தைப் பைத்தானின் பூல் செயற்கூற்றிடம் தந்தால், வெறுமையல்லாத சரம் என்பதால் விடை உண்மை என்றே வரும். கான்ஃபிக்பார்சரின் கெட்பூலியன் என்பதைப் பயன்படுத்தினால்தான் சரியான பொருள் கிடைக்கும். யாமல் என்ற வேறொரு வடிவத்தின் 1.1 விதியில் மேற்கோள் இல்லாத நோ என்ற சொல் பொய் மதிப்பாக மாறுகிறது. 2009-இல் வந்த 1.2 பதிப்பு இதைக் கைவிட்ட பிறகும் யாமலைப் படிக்கும் பையாமல் நூலகம் பழைய விதியையே பின்பற்றுகிறது. ஜேசன் வடிவத்தில் குறிப்புரை எழுத இடமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் டாமல் வடிவத்தையே பரிந்துரைப்பேன்: எண், சரம், மெய்ம்மை மதிப்பு ஆகியவை அதில் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன, பைத்தான் 3.11 முதல் டாமல்லிப் என்ற நூலகமும் உடன் வருகிறது. அதன் லோட் செயற்கூற்றுக்குக் கோப்பை இருமப் பயன்முறையில் திறந்து தர வேண்டும்.

மிக எளிதில் நுழையும் பிழை, கட்டளை வரித் தெரிவுகளைப் படிக்கும் பைத்தானின் ஆர்க்பார்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதில் இருக்கிறது. போர்ட் (பிணைய வாயில் எண்) தெரிவுக்கு அங்கேயே 8080 என்று இயல்பு மதிப்பு வைத்தீர்களானால், பயனர் எதையும் தராதபோதும் கட்டளை வரியிலிருந்து 8080 வந்ததாகவே நிரல் கொள்ளும். கோப்பில் அவர் எழுதிய 9000 ஒருபோதும் நடைமுறைக்கு வராது. ஆகவே ஆர்க்பார்ஸில் எல்லாத் தெரிவுகளுக்கும் நன் என்ற வெற்று மதிப்பை இயல்பாக வையுங்கள். உண்மையான இயல்பு மதிப்புகள் வரிசையின் அடியில் தனி அகராதியாக இருக்கட்டும். மதிப்பின்றிப் பெயரை மட்டும் தந்தாலே உண்மை என்றாகும் ஸ்டோர் ட்ரூ வகைக் கொடிகளின் இயல்பு மதிப்பு தானாகவே பொய் என அமைந்துவிடுவதால், அவற்றுக்கும் மறவாமல் நன் என்று தர வேண்டும்.

பல இடங்களிலிருந்து வரும் இந்த மதிப்பு அடுக்குகளை இணைக்கும்போது மதிப்போடு அதன் மூலத்தையும் சேர்த்து வையுங்கள். இலக்கணப் பிழைக்கு டாமல்லிப் வரி எண்ணைத் தரும். ஆனால் படித்து முடித்த பின் ஒரு மதிப்பு எந்த வரியில் இருந்தது என்பது தெரியாது. மூலத்தைச் சேர்த்து வைத்திருந்தால், போர்ட் எண்ணாக இருக்க வேண்டும் என்ற செய்தியில் கோப்பின் முழுப் பாதையையும் அமைவின் பெயரையுமாவது சொல்லலாம். செய்தியைப் பிழை வெளியீட்டில் எழுதி, தோல்வியைக் குறிக்கும் சுழியம் அல்லாத வெளியேறு எண்ணோடு வெளியேறுங்கள். பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களின் மரபில் அமைவுப் பிழைக்கென்று 78 உண்டு. நிரல் அறியாத அமைவுப் பெயரையும் தெரிவிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழையால் அமைவு வேலை செய்யாமல் போனால் பயனருக்கு வேறு எந்தத் தடயமும் கிடைக்காது. கோப்புக்குள் எழுதிய சார்புப் பாதையை, நிரல் இயங்கும் அடைவிலிருந்து அன்றி அந்தக் கோப்பு இருக்கும் அடைவிலிருந்தே கணக்கிடுங்கள்.

இறுதியாக, நடைமுறையில் உள்ள எல்லா மதிப்புகளையும் மூலத்தோடு அச்சிடும் துணைக் கட்டளை ஒன்றைத் தாருங்கள். நிரல் கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட் நிரலில் கான்ஃபிக் கட்டளையோடு லிஸ்ட், ஷோ ஆரிஜின் தெரிவுகளைத் தந்தால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோப்பின் பெயர் வருவதைக் காணலாம். அத்தகைய பட்டியலை மக்கள் அப்படியே நகலெடுத்துப் பிறருக்கு அனுப்புவார்கள் என்பதால், கடவுச்சொல்லும் சாவியும் உள்ள இடங்களில் உடுக்குறிகளை மட்டும் அச்சிடுங்கள்.